நாடகப் பட்டறையும் பள்ளிக் குழந்தையும்: யாருக்கான மனவெழுச்சிக் கல்வி?

(பள்ளி ஆசிரியர்களுக்கான பயிலரங்கு ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைப்படி, 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்ட மாணவர்களின் எண்ணிக்கை 13,000க்கும் அதிகம். அதற்கு முந்தைய ஆண்டிலும் ஏறத்தாழ இதே எண்ணிக்கைதான். நாளொன்றுக்கு முப்பத்தைந்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள். 2023 ஆகஸ்டில் இராஜஸ்தானின் கோட்டா நகரில் அடுத்தடுத்து மாணவர்கள் மாண்டபோது, பயிற்சி நிலையங்கள் நடத்தும் வழக்கமான தேர்வுகளை இரண்டு மாதங்களுக்கு நிறுத்திவைக்குமாறு மாவட்ட நிர்வாகம் ஆணையிட்டது. இரண்டு மாதங்கள் கழிந்தபின் பிள்ளைகளின் மனநிலை தானாக மாறிவிடும் என்று அந்த ஆணையைப் பிறப்பித்தவர்களே நம்பியிருக்க மாட்டார்கள்.

இத்தகைய சூழலில்தான் 'சமூக, மனவெழுச்சித் திறன்கள்' என்ற சொற்றொடர் கல்வித் துறையின் சுற்றறிக்கைகளிலும் ஆசிரியர் பயிற்சிகளிலும் ஓயாமல் ஒலிக்கிறது. தன்னை அறிதல், தன்னை ஆளுதல், பிறரை உணர்தல், உறவு பேணுதல், பொறுப்புடன் முடிவெடுத்தல் என்று அமெரிக்க அமைப்பு ஒன்று வகுத்துக் கொடுத்த ஐந்து தலைப்புகள் இன்று உலகெங்கும் பாடத்திட்டங்களில் ஏறியுள்ளன. 2016இல் உலகப் பொருளாதார மன்றம் இப்பொருள் குறித்துத் தனியாகவே ஓர் அறிக்கை வெளியிட்டது. ஆண்டுதோறும் டாவோஸில் கூடும் பெருமுதலாளிகளின் அமைப்புக்கு ஏழைக் குழந்தையின் மனவெழுச்சியில் திடீரென அக்கறை பிறந்ததன் காரணத்தை அவ்வறிக்கை மறைக்கவில்லை. எதிர்காலத் தொழில் சந்தைக்கு இணங்கிப் போகும், தளராத, குழுவாகப் பணியாற்றும் உழைப்பாளர் தேவை, இதுவே காரணம். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் அறிவுத் திறனோடு சமூக, அற, மனவெழுச்சித் திறன்களை வளர்ப்பது பற்றியும், கலையோடு இணைந்த கற்றல் பற்றியும் பேசுகிறது. பேசுவதில் குறையில்லை. கலையைக் கற்பிக்க ஆசிரியர் எங்கே, பணம் எங்கே என்ற கேள்விக்குத்தான் அதில் விடை கிடையாது.

ஆகவே இந்தப் பேச்சே முதலாளித்துவச் சூழ்ச்சி என்று ஒதுக்கிவிடலாமா? கூடாது. பசியோடும் அச்சத்தோடும் வகுப்பில் அமர்ந்திருக்கும் குழந்தைக்குத் தன் அச்சத்தைச் சொல்ல ஒரு மொழி வேண்டும். தன்னைப் போலவே அஞ்சும் இன்னொரு குழந்தை பக்கத்து இருக்கையில் இருப்பதை அது அறிய வேண்டும். சினத்தை அடக்கிக்கொள்வது மட்டுமே திறன் ஆகிவிடாது. எதன்மீது சினம் கொள்வது, அச்சினத்தை என்ன செய்வது என்று அறிவதும் திறன்தான். இந்த இரண்டாவது பாதியை அதிகாரபூர்வமான மனவெழுச்சிக் கல்வி விட்டுவிடுகிறது. கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொல்லும் பயிற்சி குழந்தையைச் சற்று நேரம் அமைதிப்படுத்தும். கண்ணைத் திறந்தபின் எதிரே இருப்பது பழைய உலகமே. நாடகப் பட்டறை குழந்தையைக் கண்ணைத் திறந்து எதிரே இருப்பவரைப் பார்க்கச் சொல்கிறது. வேறுபாடு இங்கிருந்தே தொடங்குகிறது.

விளையாட்டும் பாவனையும் குழந்தையின் மனத்தில் என்ன செய்கின்றன என்பதைச் சோவியத் உளவியல் அறிஞர் வைகாட்ஸ்கி 1933இல் லெனின்கிராடில் ஆற்றிய உரையில் விளக்கினார். அவர் எடுத்துக்காட்டிய நிகழ்ச்சி எளியது. ஐந்து வயதும் ஏழு வயதும் உடைய உடன்பிறந்த சிறுமியர் இருவர் 'அக்கா தங்கை' விளையாட்டு விளையாடத் தீர்மானிக்கிறார்கள். அவர்கள் உண்மையிலேயே அக்காவும் தங்கையுந்தான். ஆயினும் அன்றாட வாழ்வில் அதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. விளையாடத் தொடங்கியதும் கை கோத்துக்கொள்கிறார்கள். ஒரே மாதிரி உடுத்துகிறார்கள். இது உன்னுடையது, இது என்னுடையது, அது பிறருடையது என்று பிரித்துப் பேசுகிறார்கள். வாழ்வில் கண்ணுக்குப் படாமல் கிடந்த உறவின் விதிகள் பாவனையில் கண்ணுக்குப் புலப்படுகின்றன. அக்காவாக நடிப்பதால்தான் அக்கா என்றால் என்ன என்று அச்சிறுமிக்குத் தெரிகிறது. நாடகத்தைப் பள்ளிக்குள் கொண்டுவருவதற்கான வாதம் முழுவதும் இந்தச் சிறு நிகழ்ச்சிக்குள் அடங்கியிருக்கிறது. ஆண்டான், அடிமை, ஆண், பெண், உயர்ந்தோன், தாழ்ந்தோன் என்ற உறவுகளும் அன்றாட வாழ்வில் விதிகளாகத் தெரிவதில்லை. இயற்கை போலத் தெரிகின்றன. நடிக்கும்போது அவை விதிகள் என்று தெரியவரும். மனிதர் வகுத்த விதியை மனிதர் மாற்றலாம் என்பது அடுத்த படி.

வைகாட்ஸ்கிக்கு முன்பே இதைச் செயலில் காட்டியவர் லாட்விய நாடகக் கலைஞர் ஆஸ்யா லாட்சிஸ். 1918இல் ரஷ்யாவின் ஒரியோல் நகரில், போரிலும் பஞ்சத்திலும் பெற்றோரை இழந்த குழந்தைகளையும் தெருவில் திரிந்த பிள்ளைகளையும் வைத்து அவர் அரங்கு அமைத்தார். எழுதிய வசனத்தை மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. ஓவியம், இசை, பொருள் செய்தல், உடல் அசைவு என்று பகுதி பகுதியாகத் தொடங்கினார். அவற்றிலிருந்து நாடகம் பிறக்க விட்டார். பாட்டாளி வர்க்கக் குழந்தைகள் அரங்கு பற்றி வால்டர் பெஞ்சமின் பின்னாளில் எழுதிய திட்டவரைவுக்கு அடிப்படை இந்த அனுபவமே. மேடையேற்றம் பட்டறையின் உபரி விளைபொருள், ஒத்திகைக் காலமே கல்வி என்பது அதன் சாரம்.

இந்திய மண்ணுக்கும் இது புதிதன்று. சாந்திநிகேதனில் இரவீந்திரநாத் தாகூர் மாணவர்களுக்காக நாடகம் எழுதினார். மாணவரோடு சேர்ந்து தாமும் நடித்தார். மனப்பாடக் கல்வியை எள்ளி நகையாடிய அவருடைய கிளிக் கதையை பி.வி. காரந்த் கன்னடத்தில் 'பஞ்சர ஷாலெ' என்ற பெயரில் சிறுவர் நாடகமாக்கினார். தாகூரின் 'டாக்கர்' நாடகத்துக்கு நேர்ந்த கதை இன்னும் பெரியது. 1942 ஜூலை 18 அன்று, நாஜிகள் அடைத்துவைத்த வார்சா யூதச் சேரியில், யானுஷ் கோர்ச்சாக் நடத்திய அனாதை இல்லத்துக் குழந்தைகள் அந்நாடகத்தை நடித்தனர். மூன்று வாரங்களுக்குள் குழந்தைகளும் கோர்ச்சாக்கும் திரெப்லிங்கா கொலைமுகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். நோயுற்றுச் சன்னலோரம் கிடக்கும் சிறுவன் அமலின் கதை, சாவை எதிர்கொள்ளவிருந்த குழந்தைகளுக்கு மாண்பைத் தந்தது. மனவுறுதிப் பயிற்சிக்கு உதாரணமாக இந்நிகழ்ச்சியை இன்று பலர் எடுத்துக்காட்டுகின்றனர். அது பிழையான பயன்பாடு. எல்லா வழியும் அடைக்கப்பட்ட இடத்தில் ஒரு மாமனிதர் செய்தது அது. வழிகளைத் திறக்கும் அதிகாரம் கையில் உள்ள ஓர் அரசு, தாங்கிக்கொள்ளக் குழந்தைக்குக் கற்றுக்கொடுப்பதைத் தன் கல்விக் கொள்கையாக வைத்துக்கொள்ள முடியாது.

1943 மே மாதம் பம்பாயில் தோன்றிய இந்திய மக்கள் நாடக மன்றம், வங்கப் பஞ்சத்தை மேடைக்குக் கொண்டுவந்து நாடகத்தை மக்களின் குரலாக்கியது. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தின் கலைப் பயணங்கள் 1980 முதல் அறிவியலைப் பாட்டாகவும் நாடகமாகவும் ஊர் ஊராக எடுத்துச் சென்றன. 1990இன் பாரத ஞான விஞ்ஞான ஜாத்தா அதே வடிவத்தை நாடெங்கும் எழுத்தறிவு இயக்கத்துக்குப் பயன்படுத்தியது. டெல்லியின் ஜன நாட்டிய மஞ்ச் அமைப்பின் சப்தர் ஹஷ்மி தொழிலாளர்களுக்கு வீதி நாடகம் எழுதிய அதே கையால் குழந்தைகளுக்குப் பாடல்களும் எழுதினார். 1989 ஜனவரி முதல் நாள் சாகிபாபாத்தை அடுத்த ஜண்டாபூரில் 'ஹல்லா போல்' நாடகத்தின் நடுவே தாக்கப்பட்டு, மறுநாள் அவர் உயிர் நீத்தார். ராம் பகதூர் என்ற தொழிலாளியும் அத்தாக்குதலில் கொல்லப்பட்டார். ஜனவரி 4 அன்று மலயஸ்ரீ உள்ளிட்ட தோழர்கள் அதே இடத்துக்குத் திரும்பி வந்து, பாதியில் நின்ற நாடகத்தை நடித்து முடித்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில், தேசிய நாடகப் பள்ளி பள்ளிக் குழந்தைகளுக்கெனத் தனிப் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. 'சன்ஸ்கார் ரங் டோலி' என்று பெயர் பெற்ற அப்பிரிவு, குழந்தைகளோடு சேர்ந்தே நாடகம் உருவாக்கும் முறையை டெல்லியில் வேரூன்றச் செய்தது. பின்னர் திரிபுராவின் அகர்தலாவில் கல்வி அரங்குக்கென்றே ஓராண்டுப் படிப்பும் வந்தது.

இவ்வளவு மரபு இருந்தும், பெரும்பாலான பள்ளிகளில் நாடகம் என்றால் ஆண்டு விழா நாடகந்தான். வெளுத்த நிறமும் தெளிவான உச்சரிப்பும் உள்ள பிள்ளைக்கு அரசர் வேடம். மற்றவருக்கு மரம், வாயிற்காவலன். திக்கிப் பேசும் பிள்ளைக்குத் திரை இழுக்கும் வேலை. பெற்றோர் கைதட்டலுக்காக ஒரு மாதம் மனப்பாடம். வகுப்பில் ஏற்கெனவே நிலவும் படிநிலையை ஒப்பனையோடு மேடையேற்றுவதே இதன் பயன். நாடகப் பட்டறைக்குப் பார்வையாளர் தேவையில்லை. ஒப்பனை, ஒலிபெருக்கி, பரிசு எதுவும் தேவையில்லை. நாற்பது பிள்ளைகள் வட்டமாக நிற்க ஓர் இடமும், வாரத்தில் ஒரு மணி நேரமும், அவசரப்படாத ஓர் ஆசிரியரும் போதும்.

வட்டமாக நிற்பது சிறிய காரியம் போலத் தோன்றும். முன்வரிசை, கடைசி வரிசை என்று பிள்ளைகளைத் தரம் பிரிக்கும் ஏற்பாடு அதில் இல்லை. ஆசிரியரும் வட்டத்தில் ஒரு புள்ளி. ஒவ்வொருவரும் தம் பெயரைச் சொல்லி ஓர் அசைவைச் செய்ய, மற்ற எல்லாரும் அதைத் திருப்பிச் செய்வது தொடக்கப் பயிற்சி. ஆண்டு முழுவதும் வருகைப் பதிவேட்டில் மட்டுமே பெயர் ஒலித்த ஒரு பிள்ளையின் பெயரை நாற்பது பேர் சேர்ந்து சொல்லும்போது அப்பிள்ளையின் முகம் மாறுவதைக் கவனித்த எந்த ஆசிரியரும் இப்பயிற்சியைக் கைவிட மாட்டார்.

அடுத்தது கண்ணாடிப் பயிற்சி. இருவர் எதிரெதிரே நின்று, ஒருவர் மெதுவாக அசைய மற்றவர் கண்ணாடி போல அதைப் பிரதிபலிக்க வேண்டும். பிறகு இடம் மாறும். இறுதியில் யார் முன்னே, யார் பின்னே என்று தெரியாமல் இருவரும் சேர்ந்து அசைய வேண்டும். பீகாரிலோ இராஜஸ்தானிலோ ஒரு கிராமப் பள்ளியில் நிலவுடைமையாளர் வீட்டுப் பையனும் கூலித் தொழிலாளியின் மகளும் இவ்வாறு எதிரெதிரே நிற்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதை அங்கே பணியாற்றுவோர் அறிவர். முதல் நாள் சிரித்து மழுப்புவார்கள்; பார்வையைத் திருப்பிக்கொள்வார்கள். அதைக் கண்டிக்கக் கூடாது. அந்தச் சிரிப்புதான் அவ்வூரின் சமூகவியல். மூன்றாம் வாரத்தில் சிரிப்பு குறையும். வேகமாக அசைந்தால் எதிரிலிருப்பவர் பின்தொடர முடியாது என்ற உண்மை, முன்னே செல்பவரை மெதுவாகச் செல்ல வைக்கும். பிறர் நிலையறிதல் என்று பாடப்புத்தகம் இரண்டு பக்கம் எழுதுவதை உடல் இங்கே ஐந்து நிமிடத்தில் அறிந்துகொள்கிறது.

பிறகு சிலைகள். ஒரு சொல்லைக் கொடுத்து, பேச்சின்றி நான்கைந்து பேர் சேர்ந்து அதைச் சிலையாக்கிக் காட்டச் சொல்வது. 'பயம்' என்ற சொல்லைக் கொடுத்துப் பாருங்கள். பேய், பாம்பு வரும் என்று எதிர்பார்த்தால், பல வகுப்புகளில் கையில் பிரம்போடு நிற்கும் ஆசிரியர் சிலை வரும், குடித்துவிட்டு வந்த தந்தை வருவார், வட்டிக்காரர் வருவார். உடல் தண்டனையும் மனத்துன்புறுத்தலும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவால் தடைசெய்யப்பட்டவை. அத்தடை எந்த அளவுக்கு நடைமுறையில் உள்ளது என்று அறிய ஆய்வுக்குழு தேவையில்லை. பிள்ளைகளின் சிலையைப் பார்த்தால் போதும். அந்தச் சிலையைப் பார்க்கும் துணிவு ஆசிரியருக்கு இருக்கிறதா என்பதே கேள்வி. துணிவுள்ளவர் அடுத்த கட்டளையைக் கொடுப்பார்: இதே சிலையை, இப்படி இருக்க வேண்டும் என்று விரும்பும் சிலையாக மாற்றுக. முதல் சிலைக்கும் இரண்டாவது சிலைக்கும் இடையில் என்னென்ன நடக்க வேண்டும் என்று பிள்ளைகள் ஒவ்வோர் அசைவாகக் காட்டுவார்கள். யார் முதலில் அசைய வேண்டும் என்பதில் பெரும் விவாதம் எழும். அந்த விவாதந்தான் பாடம்.

சிலையிலிருந்து காட்சிக்கும், காட்சியிலிருந்து விவாத அரங்குக்கும் செல்லும் இம்முறையை வகுத்தவர் பிரேசில் நாட்டு அகஸ்தோ போவால். இராணுவ ஆட்சியில் 1971இல் கைதாகிச் சித்திரவதைக்கு உள்ளாகி நாடு கடந்து வாழ்ந்தவர் அவர். பாவ்லோ பிரெய்ரேயின் கல்விச் சிந்தனையை அரங்குக்குக் கொண்டுவந்தவர். 1973இல் பெருநாட்டின் எழுத்தறிவு இயக்கத்தில் பணியாற்றியபோது ஒரு நிகழ்ச்சி நடந்தது. கணவனால் ஏமாற்றப்பட்ட பெண் என்ன செய்யலாம் என்று பார்வையாளர்கள் யோசனை சொல்ல, நடிகர்கள் அதை நடித்துக் காட்டினர். பார்வையாளர்களில் ஒரு பெண் சொன்னதை நடிகர்கள் எத்தனை முறை நடித்தும் அவருக்கு நிறைவு ஏற்படவில்லை. கடைசியில் நீங்களே வந்து நடித்துக் காட்டுங்கள் என்று போவால் அழைக்க, அப்பெண் மேடையேறினார். அவர் மனத்தில் இருந்தது என்ன என்பது அதன் பிறகுதான் நடிகர்களுக்குப் புரிந்தது. பார்வையாளர் எழுந்து வந்து பாத்திரத்தின் இடத்தில் நின்று நிலைமையை மாற்ற முயலும் வடிவம் இங்கிருந்து பிறந்தது. நடுவில் நின்று கேள்வி கேட்பவரை அவர் ஜோக்கர் என்று அழைத்தார். ஜோக்கரின் வேலை தீர்ப்புச் சொல்வதன்று. இது நடக்குமா என்று கேட்பது.

மேற்கு வங்கத்தில் சஞ்சய் கங்கூலி 1985இல் தொடங்கிய 'ஜன சன்ஸ்கிருதி' இம்முறையைச் சுந்தரவனப் பகுதிக் கிராமங்களில் உழவர்களிடமும் கூலித் தொழிலாளர்களிடமும் வேரூன்றச் செய்தது. குடும்ப வன்முறை, வரதட்சணை, இளவயதுத் திருமணம் என அங்குள்ள வாழ்க்கையே நாடகப் பொருள். பாதல் சர்க்கார் வளர்த்த மூன்றாம் அரங்கு, மேடையையும் விளக்கையும் கழற்றி எறிந்து, செலவில்லாத நாடகம் சாத்தியம் என்று அதே வங்கத்தில் முன்பே நிறுவியிருந்தது. கரும்பலகைக்குச் சுண்ணக்கட்டி வாங்கவே பணமில்லாத பள்ளிக்கு இது மிகப் பெரிய உதவி.

இம்முறை பள்ளியில் என்ன செய்ய முடியும்? நாடறிந்த ஒரு நிகழ்ச்சியை முன்வைத்துப் பார்ப்பது நல்லது. 2021 டிசம்பரில் உத்தராகண்டின் சம்பாவத் மாவட்டம் சூக்கிடாங்கில் உள்ள அரசுப் பள்ளியில் தலித் பெண் ஒருவர் மதிய உணவுச் சமையலராக அமர்த்தப்பட்டார். ஆதிக்கச் சாதி மாணவர்கள் அவர் சமைத்ததை உண்ண மறுத்து வீட்டிலிருந்து உணவு கொண்டுவந்தனர். நியமன நடைமுறையில் பிழை என்று காரணம் காட்டி அப்பெண் நீக்கப்பட்டார். அடுத்து, ஆதிக்கச் சாதிச் சமையலர் சமைத்த உணவைத் தலித் மாணவர்கள் மறுத்தனர். நாடெங்கும் கண்டனம் எழுந்தபின் அப்பெண்ணுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. சமையலர் நியமனத்தில் தலித், பழங்குடியினருக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004லேயே ஆணையிட்டிருந்தது. பதினேழு ஆண்டுகள் கழித்தும் ஆணையும் சட்டமும் சாப்பாட்டு வரிசை வரை வந்து சேரவில்லை. உண்ண மறுத்த பிள்ளைகள் கொடியவர்கள் அல்லர். வீட்டில் சொன்னதைச் செய்தார்கள். அவர்களில் சிலருக்கேனும் தோழனோடு அமர்ந்து உண்ண ஆசை இருந்திருக்கும். அந்த ஆசைக்குப் பள்ளிக்கூடம் இடம் கொடுத்ததா?

இத்தகைய நிலைமையை ஒரு விவாத அரங்காக்கினால் அதன் மையப் பாத்திரம் தோழனோடு உண்ண விரும்பி, பாட்டியின் தடைக்கு அஞ்சும் ஒரு பையனாக இருக்கலாம். காட்சி தோல்வியில் முடிகிறது. அவன் தனியே அமர்ந்து வீட்டு ரொட்டியைத் தின்கிறான். இப்போது பார்வையாளராக இருக்கும் பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து வந்து அவன் இடத்தில் நிற்கலாம். முதலில் வரும் பிள்ளை பெரும்பாலும் பொய் சொல்லும் வழியைத் தேர்ந்தெடுக்கும்: பள்ளியில் உண்டுவிட்டுப் பாட்டியிடம் உண்ணவில்லை என்று சொல்லிவிடலாம். நாளை பக்கத்து வீட்டுப் பையன் சொல்லிவிட்டால்? என்று ஜோக்கர் கேட்பார். அடுத்த பிள்ளை பாட்டியோடு வாதிடும். பாட்டியாக நடிக்கும் சிறுமி தன் சொந்தப் பாட்டியின் சொற்களையே எடுத்து வீசி வாதத்தை முறியடிப்பாள். மூன்றாவது பிள்ளை ஆசிரியரிடம் போகும். ஆசிரியர் ஊராருக்கு அஞ்சுகிறார் என்று வகுப்பே சொல்லும். நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ வரும் ஒரு பிள்ளை தனியே போகாமல், தன்னைப் போலவே ஆசையுள்ள வேறு இரண்டு பேரைத் தேடிப் பிடிக்கும். மூவரும் ஒரே நாளில் வரிசையில் போய் அமர்வார்கள். ஒருவனை வீட்டில் அடைக்கலாம், மூவரை என்ன செய்வது என்று பாட்டி திகைப்பாள்.

யாரும் சொல்லிக் கொடுக்காமல் பிள்ளைகள் கண்டுபிடிக்கும் இந்த வழிக்குத் தொழிற்சங்கத்தில் ஒரு பெயர் உண்டு. கல்வித் துறைச் சுற்றறிக்கையில் அதற்கு 'உறவு பேணும் திறன்' என்று பெயர். பெயர் எதுவானாலும் சரக்கு ஒன்றுதான். ஆனால் சுற்றறிக்கை எழுதியவருக்கு அது அவ்வாறு தோன்றாது.

சாதி ஒரு மணி நேர நாடகத்தால் ஒழிந்துவிடும் என்று எவரும் நம்ப வேண்டாம். நிலமும் கூலியும் யார் கையில் என்ற கேள்விக்கு வட்டத்தில் நின்று விடை காண முடியாது. அடுத்த நாள் அப்பையன் உண்மையில் பாட்டியை எதிர்கொள்ளும்போது மூன்று வழிகள் அவன் மனத்தில் இருக்கும். முன்பு ஒன்றும் இருந்ததில்லை. இதற்கு மேல் நாடகத்திடம் கேட்பது அதன்மீது தாங்க முடியாத சுமையை ஏற்றுவதாகும்.

நாடகம் இவ்வளவுதான் செய்யும் என்றாலும், அதைக் கண்டே அஞ்சுகிறவர்கள் இருக்கிறார்கள். 2020 ஜனவரியில் கர்நாடகத்தின் பீதர் நகரில் ஒரு பள்ளியின் மாணவர்கள் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தைப் பற்றி ஒரு சிறு நாடகம் நடித்தார்கள். அதன் காணொளி பரவியதும் தேசத்துரோக வழக்குப் பதிவானது. தலைமை ஆசிரியையும் ஒரு மாணவியின் தாயும் கைது செய்யப்பட்டுச் சிறையில் அடைக்கப்பட்டனர். தாய் கணவனை இழந்தவர். சிறுமி அண்டை வீட்டில் தங்க நேர்ந்தது. காவல்துறையினர் பல முறை பள்ளிக்கு வந்து சிறு குழந்தைகளை விசாரித்தனர். சீருடையில் வந்து குழந்தைகளை விசாரித்தது சிறார் நீதிச் சட்டத்துக்கு முரணானது என்று உயர் நீதிமன்றம் பின்னர் சுட்டிக்காட்டியது. வழக்கு 2023 ஜூனில்தான் ரத்தானது. மூன்றரை ஆண்டுகள்! மனவெழுச்சித் திறன் வளர்க்க நாடகம் போடுங்கள் என்று ஒரு கையால் எழுதும் ஆட்சியமைப்பு, நாடகத்தில் குழந்தை உண்மையிலேயே தன் அச்சத்தைச் சொன்னால் மறு கையால் விலங்கை எடுக்கிறது. வீட்டைவிட்டுத் துரத்தப்படுவோமோ என்ற அச்சம் அக்குழந்தைகளின் வீடுகளில் பேசப்பட்ட அச்சம். அதைச் சொல்லத் துணிந்ததுதான் அவர்கள் செய்தது.

ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய வேறு சிலவும் உண்டு. பட்டறையில் எந்தப் பிள்ளையையும் தன் வீட்டுக் கதையைச் சொல்லுமாறு வற்புறுத்தக் கூடாது. பாத்திரம் என்ற திரை இருப்பதால்தான் பிள்ளை பேசுகிறது. இது உன் கதைதானே என்று கேட்கும் அக்கணமே அத்திரை கிழிந்துவிடும். தந்தையாக, காவலராக, வட்டிக்காரராக நடித்த பிள்ளை அப்பாத்திரத்தைக் கழற்றிவைத்துவிட்டுத் தன் பெயரைச் சொல்லி வட்டத்துக்குத் திரும்ப வேண்டும். கொடியவனாக நடித்தவனை மற்றவர்கள் மறுநாளும் அப்பெயரால் அழைப்பது பள்ளிகளில் வழக்கம். அதைத் தொடக்கத்திலேயே தடுக்க வேண்டும். பாலியல் கொடுமை போன்ற ஒன்றைப் பிள்ளை வெளிப்படுத்தினால் அது நாடகப் பொருளன்று. சட்டப்படி உடனே செயல்பட வேண்டிய விவகாரம். ஆசிரியர் மனநல மருத்துவர் அல்லர். அவ்வாறு ஆக முயலவும் வேண்டியதில்லை.

மதிப்பெண் போடும் ஆசையையும் கைவிட வேண்டும். பிறர் துயரை உணரும் திறனுக்குப் பத்துக்கு ஏழு என்று படிவம் நிரப்பினால், பிள்ளைகள் துயரை உணர்வதுபோல் நடிக்கக் கற்றுக்கொள்வார்கள். நாடகத்தின் மிக மோசமான பயன்பாடு அதுவே. பெருநிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியில் இரண்டு நாள் பட்டறை நடத்தி, நூறு புகைப்படம் எடுத்து, அறிக்கை அச்சிட்டுச் செல்வோரும் இத்தகைய படிவங்களைத்தான் கேட்கிறார்கள். இரண்டு நாளில் திறந்துவிட்ட பிள்ளைகளின் மனத்தை மூன்றாம் நாள் யார் பார்த்துக்கொள்வது என்று அவர்களிடம் கேட்க வேண்டும்.

பார்த்துக்கொள்ள வேண்டியது அங்கேயே இருக்கும் ஆசிரியர். அவர் இருக்கிறாரா? அரசின் சொந்தப் புள்ளிவிவரப்படியே நாட்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள் ஓராசிரியர் பள்ளிகள். ஐந்து வகுப்புகளை ஒரே அறையில் வைத்துக்கொண்டு, மதிய உணவுக் கணக்கு எழுதி, வாக்காளர் பட்டியல் திருத்தி, செயலியில் விவரம் ஏற்றும் அந்த ஆசிரியரிடம் கண்ணாடிப் பயிற்சி பற்றிப் பேசுவது கேலி. கல்விக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 சதவீதம் என்ற கோத்தாரி ஆணையத்தின் பரிந்துரை 1966ஆம் ஆண்டைச் சேர்ந்தது, இன்றுவரை எட்டப்படவில்லை. 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டத்துக்காக அமைந்த கலைக் கல்விக் குழு, நாடகம் உள்ளிட்ட கலைகள் பத்தாம் வகுப்பு வரை கட்டாயப் பாடமாக வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதுவும் அலமாரியில் இருக்கிறது.

சட்டத்தில் இடமில்லை என்று சொல்லவும் வழியில்லை. ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் ஒவ்வொரு பள்ளியிலும் கலைக் கல்விக்கென ஒரு பகுதிநேரப் பயிற்றுநர் இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையே கூறுகிறது. நூறு பிள்ளைகள் இல்லாத மலைக் கிராமத்துக்கும் பழங்குடிப் பகுதிக்கும் கலை வேண்டாமா என்ற கேள்வி ஒருபுறம் இருக்கட்டும். நூறு பேர் உள்ள பள்ளிகளில் என்ன நடந்தது? உத்தரப் பிரதேசத்தில் இந்த அட்டவணையின் கீழ் 2013இல் கலை, உடற்கல்வி, தொழிற்கல்விப் பயிற்றுநர்கள் மாதம் 7,000 ரூபாய் மதிப்பூதியத்தில் அமர்த்தப்பட்டனர். 2017இல் அதை 17,000 ரூபாயாக உயர்த்த ஒன்றிய அரசின் திட்ட ஒப்புதல் கிடைத்தது. அத்தொகையை மாநில அரசு கொடுக்க மறுத்ததால் பயிற்றுநர்கள் அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் படியேறினர். குழந்தைகளுக்குச் சிலையும் பாட்டும் கற்றுக்கொடுக்க வந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் வழக்குக் கட்டுகளைச் சுமந்தார்கள்.

ஆகவே ஆசிரியர் சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் மூன்று வரிகள் சேர வேண்டும். கலைப் பயிற்றுநர் பணியிடத்துக்கான நூறு மாணவர் வரம்பு நீங்க வேண்டும். அப்பணியிடம் முழுநேர, நிரந்தர, உரிய ஊதிய விகிதத்தில் அமைய வேண்டும். தொடக்கக் கல்வி ஆசிரியர் பட்டயப் படிப்பில் நாடகப் பட்டறை நடத்தும் பயிற்சி, தாளில் எழுதும் பாடமாக இல்லாமல் செய்து பழகும் பாடமாக இடம்பெற வேண்டும். இவை நிறைவேறும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒன்றும் உண்டு: வரும் சனிக்கிழமை கடைசிப் பாடவேளையில் மேசைகளை ஓரமாக நகர்த்திவிட்டு வட்டமாக நிற்பது.